மங்கு விழும் முகத்துக்கு ஸ்கின் டைட்டனிங்: முதல்முறை போகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

தமிழக-கேரள எல்லையில் இருக்கும் களியக்காவிளையில் பஸ் ஏறித் திருவனந்தபுரம் தம்பானூர் போய்ச் சேரும்வரை பார்த்துக்கொண்டே போனால், நகைக்கடை, ஜவுளிக்கடை விளம்பரங்களுக்கு அடுத்தபடியாகக் கண்ணில் படுவது தோல் கிளினிக் போர்டுகள்தான். மார்த்தாண்டம், நாகர்கோவில் பக்கமும் இப்போது அப்படித்தான் ஆகிவிட்டது. கத்தி வேண்டாம், தையல் வேண்டாம், தொய்ந்த முகம் இறுகிவிடும் என்று எழுதியிருக்கும். வளைகுடாவிலிருந்து லீவில் வரும் நர்ஸ் அக்காமார், பிள்ளைக்குக் கல்யாணம் வைத்திருப்பவர்கள், உடம்பு இளைத்ததில் கன்னம் தொங்கிப்போனவர்கள் என்று பலரும் கேட்டு வருகிறார்கள்.

நான் டாக்டர் இல்லை. எல்லைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில், ஒரு தோல் கிளினிக்கில் சிகிச்சை அறை உதவியாளராக இருக்கிறேன். முகம் துடைப்பது, ஜெல் தடவுவது, அப்புறம் வீட்டுக்குப் போனவர்களிடமிருந்து வரும் போன்களை எடுப்பது என் வேலை. அந்த போன்களில் பாதி ஒரே விஷயமாகத்தான் இருக்கும்: "இறுகினதோ இல்லையோ, கறுத்துப்போச்சே!" இந்தக் கட்டுரை அந்த போன் வராமல் இருப்பதற்காக. எந்த மெஷின் நல்லது என்று கேட்கிறவர்களுக்கு நான் சொல்லும் பதில் பலருக்குப் பிடிப்பதில்லை. தோல் சாந்தமாக இருக்கும்போது, குறைந்த சூட்டில், ஆற அமரச் செய்கிற இடத்தில் எந்த மெஷினும் பரவாயில்லை. அவசரப்படுகிற இடத்தில் எதுவும் வேண்டாம்.

சூடு உள்ளே என்ன செய்கிறது

தோலுக்கு அடியில் கொலாஜன் என்ற நார்ப்புரதம் இருக்கிறது. சுமார் 60 டிகிரிக்கு மேல் சூடு பட்டால் அது சுருங்கும். சுருங்கிய இடத்தில் உடம்பு காயம் என்று நினைத்துக்கொண்டு புதிய கொலாஜனைக் கட்டத் தொடங்கும். இது முடிய மூன்று முதல் ஆறு மாதம் பிடிக்கும். சிகிச்சை முடிந்து கண்ணாடியில் பார்த்தவுடன் இறுகினது போலத் தெரிவதில் பாதி வீக்கம்தான், நான்கைந்து நாளில் வடிந்துவிடும்.

சூட்டை உள்ளே அனுப்ப நான்கு வழிகள் உண்டு. ரேடியோ அலை, சுருக்கமாக ஆர்.எஃப்., மின்னோட்டத்துக்குத் தசையும் தோலும் கொடுக்கும் தடையால் சூடு உண்டாக்கும். ஹைஃபூ என்பது ஒலி அலை. குவிக்கும் இடத்தில், அதாவது 1.5, 3, 4.5 மில்லிமீட்டர் ஆழங்களில், சின்னச் சின்னப் புள்ளிகளாக 60 முதல் 70 டிகிரி வரை சூடேற்றும். மூன்றாவது, ஊசி முனைகளால் குத்தி அந்த முனையில் ஆர்.எஃப். விடுவது. நான்காவது லேசரும் பளிச்சென்று அடிக்கும் ஐ.பி.எல். ஒளியும்.

நிறம் உள்ள தோலுக்கு நான்காவதில்தான் நேரடியான ஆபத்து. நம் தோலில் இருக்கும் மெலனின் ஒளியைக் குடித்துவிடும், சூடு ஆழத்துக்குப் போகாமல் மேலேயே தங்கிப் பொசுக்கும். அலைநீளம் கூடக்கூட மெலனின் குடிப்பது குறையும். அதனால்தான் 1064 நானோமீட்டர் என்டியாக் லேசர் நம் நிறத்துக்கு மற்றவற்றைவிடப் பத்திரமானது. ஆர்.எஃப்., ஹைஃபூ இரண்டுக்கும் நிறம் ஒரு பொருட்டே இல்லை. "எந்த நிறத்துக்கும் சேஃப்" என்று விளம்பரத்தில் வருவது இதை வைத்துத்தான்.

அதில் பாதிதான் உண்மை. சூடு உள்ளே போகும்போது நிறம் பார்ப்பதில்லை, சரி. ஆனால் சூடு கொஞ்சம் கூடிப்போய்த் தோல் சிவந்து அழற்சி வந்துவிட்டால், நிறம் உண்டாக்கும் மெலனோசைட் செல்கள் முழித்துக்கொள்ளும். நம் தோலில் அவை சும்மாவே சுறுசுறுப்பு. கொசு கடித்த இடம், பரு உடைந்த இடம், சமையலில் எண்ணெய் தெறித்த இடம் எல்லாம் மாதக்கணக்கில் கறுத்துக் கிடப்பது அதனால்தான். மெஷின் செய்த அழற்சிக்கும் இதே கதைதான். எரிச்சல் அடங்கி, எல்லாம் நல்லபடி ஆயிற்று என்று நினைக்கும்போது, இரண்டு மூன்று வாரம் கழித்துப் பழுப்பாகத் திட்டு எட்டிப்பார்க்கும். மேல்தோலில் நின்றால் சில மாதங்களில் மங்கும். உள்தோலுக்கு இறங்கிச் சாம்பல் நீலமாகத் தெரிந்தால் ஆண்டுக்கணக்கில் நிற்கும்.

வீட்டிலேயே முதலில் பார்க்க வேண்டியது

கிளினிக்குக்கு போன் போடும் முன் பகல் வெளிச்சத்தில், சன்னல் ஓரமாக நின்று கண்ணாடியைப் பாருங்கள். கன்னத்திலும் மேலுதட்டிலும் நெற்றியிலும் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி பழுப்புப் படர்ந்திருந்தால் அது மங்காக இருக்கலாம். மங்கு உள்ளவர்களுக்கு வெயில் மட்டுமல்ல, சூடே ஆகாது. அடுப்படியில் நிற்பவர்கள், முந்திரி ஆலையில் வறுக்கும் பக்கம் வேலை செய்பவர்கள், ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைக்கூட்டுக்குள் போய் வருகிறவர்கள் இதை நன்றாக அறிவார்கள். இவர்கள் உடனே ஸ்கின் டைட்டனிங் பக்கம் போகக்கூடாது. முதலில் மங்கை அடக்கி, அது சில மாதம் அசையாமல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம் பேசலாம்.

பின்கழுத்து வெல்வெட் துணிபோலத் தடித்துக் கறுத்திருந்தால் அதற்குப் பெரும்பாலும் காரணம் இன்சுலின் சரியாக வேலை செய்யாததுதான். சர்க்கரை பரிசோதனையும் எடைக் குறைப்பும்தான் அங்கே சிகிச்சை. "கழுத்தும் சேர்த்துப் பேக்கேஜ்" என்று எவராவது சொன்னால் அந்தக் கழுத்தைக் காட்டி இது என்ன என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாதவர் கையில் முகத்தைக் கொடுக்க வேண்டாம்.

பழைய காயங்களையும் பாருங்கள். முழங்கால், கணுக்கால், பழைய பரு இருந்த இடம். சின்னக் கீறல்கூடக் கறுப்பாகவே ஆறியிருக்கிறதா? அப்படியானால் உங்கள் தோல் எப்படி நடந்துகொள்ளும் என்பதை அதுவே சொல்லிவிட்டது. தோலின் நிறத்தையும் வெயிலில் அது படும் பாட்டையும் வைத்து ஆறு வகையாகப் பிரிக்கும் முறை ஒன்று உண்டு. ஃபிட்ஸ்பாட்ரிக் என்ற அமெரிக்கத் தோல் மருத்துவர் 1975-இல் தொடங்கிவைத்தது. நம் பக்கத்தவர் பெரும்பாலும் நான்கு, ஐந்தில் வருவோம். ஆனால் ஒரே நிறத்தில் இருக்கும் அக்கா தங்கையில் ஒருத்திக்குக் கறுக்கும், ஒருத்திக்குக் கறுக்காது. அந்த எண்ணைவிட முழங்கால் தழும்பை நான் நம்புவேன்.

முகத்தில் இதுவரை என்ன பூசினீர்கள்

இதைச் சொல்லத்தான் எல்லோரும் கூச்சப்படுகிறார்கள். பக்கத்து மெடிக்கலில் வாங்கிய "வெளுக்கும்" ட்யூபில் பீட்டாமெத்தசோனோ மொமெட்டசோனோ க்ளோபெட்டசாலோ இருந்தால் அது ஸ்டீராய்டு. மாதக்கணக்கில் பூசியிருந்தால் தோல் மெலிந்து, ரத்தக்குழாய் தெரிய, வெயில் பட்டால் எரியும் நிலைக்கு வந்திருக்கும். அந்த முகத்தில் சூடு வைப்பது வம்பை விலைக்கு வாங்குவது. 2018-லேயே மத்திய அரசு இத்தகைய களிம்புகளில் பலவற்றை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத பட்டியலில் சேர்த்துவிட்டது. கடையில் கேட்டால் இன்னும் எடுத்து நீட்டுகிறார்கள் என்பது வேறு விஷயம்.

லேபிளே இல்லாத, அல்லது வெளிநாட்டு எழுத்தில் லேபிள் ஒட்டிய ஃபேர்னஸ் க்ரீம் இன்னும் மோசம். பாதரசம் கலந்த இத்தகைய க்ரீம்களால் மலப்புறம் பக்கம் சிலருக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டது தெரியவந்து, கேரள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2023-இல் "ஆபரேஷன் சௌந்தர்யா" என்ற பெயரில் கடைகளில் சோதனை போட்டது. லீவில் வரும்போது யாராவது பரிசாகக் கொண்டுவந்து தரும் டப்பாவும் இதில் சேர்த்திதான்.

மாத்திரைகளையும் மறைக்காதீர்கள். பருவுக்கு ஐசோட்ரெடினோயின் சாப்பிடுகிறீர்களா, கருத்தடை மாத்திரை எடுக்கிறீர்களா, மழைக்காலத்தில் எலிக்காய்ச்சல் தடுப்புக்கு வாரம் ஒருமுறை டாக்சிசைக்ளின் போட்டீர்களா என்பதெல்லாம் டாக்டருக்குத் தெரிய வேண்டும். டாக்சிசைக்ளின் வெயிலுக்குத் தோலைக் கூசவைக்கும். கருத்தடை மாத்திரை மங்கைத் தூண்டும். இதயத்தில் பேஸ்மேக்கர் இருந்தாலோ கர்ப்பமாக இருந்தாலோ ஆர்.எஃப். கிடையாது. தாடையில் தகடு வைத்திருந்தால், முகத்தில் குழியை நிரப்பும் ஃபில்லர் ஊசி போட்டிருந்தால், உதட்டோரம் அடிக்கடி அக்கி மாதிரிக் கொப்புளம் வருமென்றால், அதையும் சொல்லுங்கள். பை நிறைய மருந்தை அள்ளிக்கொண்டு வந்து மேசையில் கொட்டுகிறவர்களை எங்கள் டாக்டருக்கு ரொம்பப் பிடிக்கும்.

ஆளைத் தேர்ந்தெடுப்பது

தோல் மருத்துவர் என்றால் எம்.பி.பி.எஸ்.-க்குப் பிறகு எம்.டி. டி.வி.எல்., அல்லது டி.டி.வி.எல்., அல்லது டி.என்.பி. படித்திருப்பார். பதிவு எண் போர்டிலோ சீட்டிலோ இருக்கும். தமிழ்நாட்டில் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில், கேரளத்தில் முன்பு திருவிதாங்கூர்-கொச்சி மருத்துவக் கவுன்சில் என்றிருந்து இப்போது கேரள மாநில மருத்துவக் கவுன்சில். மாடியில் பார்லர், கீழே கிளினிக் என்று இரண்டும் கலந்திருக்கும் இடங்களில் டாக்டர் பெயர் சுவரில் மட்டும் இருக்கும். யார் கையால் செய்வார்கள் என்பதை நேரடியாகக் கேளுங்கள்: "டாக்டரே செய்வாரா? அவர் அந்த நேரத்தில் கட்டடத்தில் இருப்பாரா?"

இரண்டாவது கேள்வி மெஷினைப் பற்றி. கம்பெனி பெயர், மாடல், ஹைஃபூ என்றால் எந்த ஆழத்து கார்ட்ரிட்ஜ், ஊசி ஆர்.எஃப். என்றால் ஊசிக்கு மின்சாரம் கடத்தாத உறை உண்டா. உறையுள்ள ஊசி முனையில் மட்டும் சூடு விடும், மேல்தோலுக்குச் சூடு ஏறாது. நிறம் மாறக்கூடிய தோலுக்கு இது பெரிய விஷயம். ஊசி ஆர்.எஃப். பற்றி 2025 அக்டோபரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. ஓர் எச்சரிக்கை விட்டது. தீக்காயம், தழும்பு, கொழுப்புக் கரைந்து குழி விழுதல், நரம்புப் பாதிப்பு என்று புகார்கள் வந்திருக்கின்றன, இதைப் பயிற்சியுள்ள மருத்துவப் பணியாளர்தான் செய்ய வேண்டும், வீட்டில் செய்யக்கூடாது என்று அதில் சொல்லியிருந்தார்கள். ஆன்லைனில் ஊசி மெஷின் வாங்கித் தானே குத்திக்கொள்ளலாமா என்று கேட்பவர்களுக்கும் பதில் அதிலேயே இருக்கிறது.

மூன்றாவது கேள்விக்கு வரும் பதிலைத்தான் நான் கூர்ந்து கேட்பேன்: "என் நிறத்தில் உள்ளவர்களுக்குச் செய்து கறுத்துப்போனது உண்டா? அப்போது என்ன செய்தீர்கள்?" இதுவரை ஒருத்தருக்கும் ஆனதில்லை என்று சொல்கிறவர் ஒன்று புதுசு, இல்லையென்றால் பொய் சொல்கிறார்.

அப்புறம் எல்லைப் பக்கத்துக்கே உரிய சங்கடம் ஒன்று. நம்மில் பலர் மலையாளம் சரளமாகப் பேசுவோம், வாசிக்கத் தெரியாது. சம்மதப் படிவம் மலையாளத்திலோ ஆங்கிலத்திலோ இருக்கும். கவுண்டரில் "ஒப்பு இடூ சேச்சி" (கையெழுத்துப் போடுங்க அக்கா) என்று பேனாவை நீட்டுவார்கள். நீங்களும் போட்டுவிடுவீர்கள். வேண்டாம். வரி வரியாக வாசித்துச் சொல்லச் சொல்லுங்கள், அல்லது முதல் நாளே ஒரு நகல் வாங்கிவந்து தெரிந்தவர்களிடம் காட்டுங்கள். நிறம் மாறலாம், கொப்புளம் வரலாம் என்ற வரி அதில் இருந்தே ஆக வேண்டும். இல்லாத படிவம்தான் பயப்பட வேண்டியது.

தனியார் கிளினிக்கில் கால் வைக்கும் முன் அரசு மருத்துவமனைத் தோல் பிரிவில் ஒருமுறை காட்டிவிடுவது நல்லது. ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரியோ திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜோ எது கிட்டமோ அங்கே. உங்களுக்கு எதையும் விற்க வேண்டிய அவசியம் இல்லாத ஒருவர், இது மங்கா, வேறு நோயா என்று சொல்லிவிடுவார்.

எந்த மாதம், எவ்வளவு முன்னால்

கோடையில் தொடங்காதீர்கள். மாசி, பங்குனி, சித்திரையில் இந்தக் கரையோரம் முழுக்கப் புற ஊதாக் கதிர் உச்சத்தில் இருக்கும். கேரளப் பேரிடர் மேலாண்மை ஆணையம் இப்போது அதன் அளவைக் குறியீடாகவே வெளியிடுகிறது, 11-க்கு மேல் போனால் சிவப்பு. நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு இடவப்பாதி என்ற தென்மேற்குப் பருவ மழையும் உண்டு, ஐப்பசி மழையும் உண்டு. அந்த மேகமூட்ட மாதங்கள் வசதி. மேகம் இருந்தால் கதிர் வராது என்று மட்டும் எண்ண வேண்டாம், மேகத்தை ஊடுருவி நிறையவே வரும்.

ஆவணியில் கல்யாணம் என்றால் சித்திரையில் யோசித்தால் பத்தாது. தையில் டாக்டரைப் பார்த்து, முதலில் சோதனைப் புள்ளி வைத்து, அது கறுக்கிறதா என்று காத்திருந்து, கோடை தணிந்ததும் வைகாசியில் சிகிச்சை, பிறகு கொலாஜன் கட்ட மூன்று மாதம். கல்யாணத்துக்கு ஒரு மாதம்தான் இருக்கிறது என்றால் இதைத் தொடவே தொடாதீர்கள். நல்ல முடிவு கிடைக்க நேரம் இருக்காது, கறுப்பு வர மட்டும் கச்சிதமான நேரம் இருக்கும்.

சோதனைப் புள்ளி என்பது தாடைக்கு அடியிலோ காதுக்குப் பின்னாலோ, அசல் சிகிச்சைக்கு வைக்கப்போகும் அதே அளவில் ஒரு சின்ன இடத்தில் செய்து பார்ப்பது. ஒரு வாரத்தில் பார்த்து "ஒன்றும் ஆகவில்லை, செய்துவிடலாம்" என்பார்கள். ஒரு வாரத்தில் கொப்புளம் வந்ததா என்றுதான் தெரியும். கறுக்கிறதா என்று தெரிய நான்கு வாரம் வேண்டும், ஆறு வாரம் பொறுத்தால் இன்னும் நிம்மதி. இதற்குத் தனிக் காசு கேட்டாலும் கொடுத்துவிடலாம்.

காத்திருக்கும் இந்த வாரங்களில் முகத்தைப் பழக்குங்கள். தினமும் சன்ஸ்க்ரீன், நல்ல மாய்ஸ்சரைசர். மங்கு உள்ளவர்களுக்கு லேசான நிறம் கலந்த சன்ஸ்க்ரீன் நல்லது, அதில் இருக்கும் இரும்பு ஆக்ஸைடு கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் தடுக்கும். டாக்டர் அசெலாயிக் ஆசிடோ வேறு களிம்போ முன்கூட்டியே எழுதித் தரலாம், அது அவர் முடிவு. எலுமிச்சைச் சாறு மட்டும் முகத்தில் தடவாதீர்கள். அதன் மேல் வெயில் பட்டால் அதுவே பொசுக்கிக் கறுக்கவைக்கும், மெஷினே தேவையில்லை.

அன்றைக்கு அறைக்குள்

ஒரு வாரம் முன்பே த்ரெடிங், வாக்ஸிங், ப்ளீச், ஸ்க்ரப் எல்லாம் நிறுத்தியிருக்க வேண்டும். ரெட்டினால் வகைக் க்ரீம்களையும் டாக்டர் சொல்லும் நாளில் நிறுத்துங்கள். அன்று காலை தேங்காயெண்ணெய், மஞ்சள், பவுடர் எதுவும் வேண்டாம். நாங்கள் எவ்வளவு துடைத்தாலும் கூந்தலோர எண்ணெய் வழிந்து வந்துவிடும், எண்ணெய் இருந்தால் கருவியின் தலைப்பகுதி தோலோடு ஒட்டாது. மூக்குத்தி, கம்மல், தாலிச்சங்கிலி கழற்ற வேண்டும். தாலியைக் கழற்ற மனசில்லை என்று சிலர் சொல்வார்கள். அப்படியானால் முதலிலேயே டாக்டரிடம் சொல்லுங்கள், கழுத்துப் பகுதியை விட்டுவிடலாம்.

தீக்காயம் வரும் வழி பெரும்பாலும் ஒன்றே ஒன்று: தலைப்பகுதி தோலில் முழுசாகப் பதியாமல் இருப்பது. ஆர்.எஃப். கருவியின் ஒரு ஓரம் தூக்கிக்கொண்டால் மின்சாரம் எல்லாம் மறு ஓரத்தில் சேர்ந்து பொசுக்கும். ஹைஃபூவில் ஜெல் போதாமல் காற்றிடைவெளி விழுந்தால் கோடு கோடாகத் தடித்துவிடும். தாடை எலும்பு, கன்ன எலும்பு மேலே வரும்போதுதான் இந்தத் தப்பு நடக்கும். ஜெல் காய்கிறது என்று தோன்றினால் கூச்சப்படாமல் சொல்லுங்கள். ஆர்.எஃப். மின்சாரம் திரும்பிப் போவதற்காக முதுகிலோ தொடையிலோ பெரிய பட்டை ஒட்டினால் அதன் ஓரம் தூக்காமல் இருக்க வேண்டும், அங்கேயும் சுடும். ஹைஃபூ கண்குழிக்குள்ளே, இமை மேலே வரவே கூடாது. கண்ணில் லென்ஸ் கெட்டுப்போனதாக மருத்துவ இதழ்களில் வந்திருக்கிறது.

பல ஆர்.எஃப். மெஷின்களில் தோலின் மேற்பரப்பு 40 முதல் 42 டிகிரி வரை போவதைக் காட்டும் அளவி இருக்கும். நீங்கள் படுத்திருக்கும் இடத்திலிருந்து அது தெரிகிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அவ்வப்போது எண்ணைச் சொல்லச் சொல்லலாம். குளிர்விக்கும் ஸ்ப்ரே இருக்கும் மெஷின் என்றால் குளிர் கூடினாலும் வட்டம் வட்டமாகக் கறுக்கும், இது பலருக்குத் தெரியாது.

வலியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஆர்.எஃப். வந்த புதிதில் ஆளை மயக்கத்தில் வைத்து, கூடின அளவில், ஒரே சுற்றில் முடித்தார்கள். சிலருக்குக் கொழுப்புக் கரைந்து கன்னத்தில் குழி விழுந்தது. அப்புறம்தான் முறையை மாற்றி, அளவைக் குறைத்து, பல சுற்று போய், "எவ்வளவு சுடுகிறது, பத்துக்கு எத்தனை?" என்று கேட்டுக் கேட்டுச் செய்ய ஆரம்பித்தார்கள். உங்கள் வலிதான் அங்கே அளவுகோல். மரத்துப்போகும் களிம்பைக் கெட்டியாகப் பூசிவிட்டால் அந்த அளவுகோல் போய்விடும். அதைக் கழுத்து வரை அள்ளிப் பூசி நெடுநேரம் விட்டால் மருந்து ரத்தத்தில் ஏறித் தலைசுற்றும், அது தனிக்கதை. ஊசி ஆர்.எஃப்.-க்குக் களிம்பு தேவைப்படும், அதை முழுசாகத் துடைத்த பிறகே தொடங்க வேண்டும்.

இதற்கு நேர்மாறான தொல்லையும் உண்டு. போன கோடையில் ஒரு அம்மா படுக்கையில் படுத்துக்கொண்டே என் கையைப் பிடித்தார்: "கொஞ்சம் கூட்டி வச்சுப் பண்ணச் சொல்லு மக்ளே, இவ்வளவு காசு குடுத்திருக்கோம்லா." டாக்டர் கூட்டவில்லை. அந்த அம்மாவுக்குக் கோபம், வெளியே போய்க் கவுண்டரில் சத்தம் போட்டார். எங்கள் வேலையில் இப்படித் திட்டு வாங்குவது நல்ல நாள்.

மிதமான சூடு, சின்னக் குத்தல், எலும்போரத்தில் மின்னல்போல ஒரு வெட்டு, இவை சகஜம். ஒரே இடத்தில் சுரீரென்று ஏறிக்கொண்டே போனாலோ, எரியும் வாடை வந்தாலோ, வாய் ஒரு பக்கம் இழுப்பதுபோல் இருந்தாலோ கையைத் தூக்கி "நிறுத்துங்கள்" என்று சொல்லிவிடுங்கள். எழுந்திருக்கும் முன் கண்ணாடி கேளுங்கள். இளஞ்சிவப்பு இருக்கலாம். வெளுத்த திட்டோ சாம்பல் நிறமோ இருந்தால் டாக்டரைக் கூப்பிடாமல் படுக்கையை விட்டு இறங்காதீர்கள்.

வீடு திரும்பும் வழியும் முதல் இரண்டு வாரமும்

காலை வேளையை வாங்கினால் மதிய வெயிலில் திரும்ப வேண்டிவரும். பிற்பகல் வேளை வாங்கி, பொழுது சாயத் திரும்புவது நல்லது. தம்பானூரிலிருந்து நம் பக்கம் வரும் பஸ்ஸில் பிற்பகல் வெயில் வலப்பக்கம் விழும், இடப்பக்கம் உட்காருங்கள். ரயிலில் குழித்துறை வரை வருகிறவர்களுக்கும் அதேதான். பைக்கில் பின்னால் உட்கார்ந்து வருவது வேண்டாம். ஹெல்மெட் உரசல், வெயில், தூசி மூன்றும் சேரும். மென்மையான பருத்தித் துப்பட்டா, குடை போதும்.

முதல் இரண்டு மூன்று நாள் வெறும் தண்ணீர், சாதாரண மாய்ஸ்சரைசர். ஊசி ஆர்.எஃப். என்றால் டாக்டர் சொல்லும்வரை மேக்கப் இல்லை. சன்ஸ்க்ரீன் எஸ்.பி.எஃப். 30-க்குக் குறையாமல், இரண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்கி முகத்துக்கும் கழுத்துக்கும், வெளியே இருந்தால் இரண்டு மூன்று மணிக்கொருமுறை. கொஞ்சம் எடுத்துத் தொட்டுக்கொள்வது பூசாததற்குச் சமம்.

சூட்டை விட்டு விலகியிருங்கள். ஜலதோஷம் என்று ஆவி பிடிக்காதீர்கள். விறகடுப்பு, கருப்பட்டி காய்ச்சும் இடம், பலகாரம் பொரிக்கும் வேலை இரண்டு வாரம் வேறு யாராவது பார்க்கட்டும். வீட்டில் சமையல் உங்களை விட்டால் ஆளில்லை என்றால் அந்த இரண்டு வாரம் வேறு ஆள் உண்டா என்று பார்த்துவிட்டுத் தேதி குறியுங்கள். நான் பார்த்தவரை க்ரீமில் கோட்டை விடுகிறவர்களைவிட அடுப்படியில் கோட்டை விடுகிறவர்கள் அதிகம். பத்து நாள் ஓய்வு சொன்னால் நாலாம் நாள் கல்யாண வீட்டில் முறுக்குச் சுட்டுக்கொண்டிருப்பார்கள்.

சொறியாதீர்கள், பொருக்கை உரிக்காதீர்கள். குங்குமாதி தைலம், கஸ்தூரி மஞ்சள், வீட்டு வைத்தியம் எல்லாம் ஒரு மாதம் அலமாரியிலேயே இருக்கட்டும்.

கொப்புளம் வந்தால், கறுத்தால்

அன்றே கொப்புளமோ கடும் எரிச்சலோ வந்தால் குழாய்த் தண்ணீரை இருபது நிமிடம் மெதுவாக ஓடவிடுங்கள். பனிக்கட்டியை நேரடியாக வைக்காதீர்கள். பற்பசை, தேங்காயெண்ணெய், மை எதுவும் வேண்டாம். கொப்புளத்தை உடைக்காமல் போட்டோ எடுத்து அன்றே டாக்டருக்குக் காட்டுங்கள். அழற்சியைச் சீக்கிரம் அடக்கினால் கறுப்பும் குறையும். டாக்டர் சில நாளுக்கு மிதமான ஸ்டீராய்டு களிம்பு தரலாம். சில நாள் என்றால் சில நாள், நன்றாக இருக்கிறதே என்று அதைத் தொடர்ந்தால் வேறு நோயில் மாட்டுவீர்கள். வாய் கோணல், புருவம் தூக்க முடியாமை இருந்தால் காத்திருக்க வேண்டாம். நரம்பு வீங்கியது பெரும்பாலும் தானாகச் சரியாகும், ஆனாலும் அதைச் சொல்ல வேண்டியவர் டாக்டர்.

வாரங்கள் கழித்துக் கறுப்பு வந்தால் பதறி ஓடிப்போய் லேசர் வைக்காதீர்கள். "அதற்கும் ஒரு லேசர் இருக்கிறது" என்று அதே இடத்தில் சொல்வார்கள். அழற்சியால் வந்த கறுப்பின் மேல் மறுபடி சூடு வைத்தால் இன்னும் அடர்ந்துபோகும் வாய்ப்பு உண்டு. சன்ஸ்க்ரீனும் பூச்சு மருந்தும் முதலில், அதற்கு மாதங்கள் ஆகும். அசல் சிகிச்சையின் அடுத்த சிட்டிங்கை அது முழுசாக மங்கும்வரை தள்ளிப்போடுங்கள். ஆறு சிட்டிங் பேக்கேஜுக்கு முழுப்பணமும் கட்டிவிட்டதால் மனசு கேட்காமல் போய்ப் படுக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அதனால் முதலில் ஒரு சிட்டிங்குக்கு மட்டும் பணம் கட்டுங்கள். சலுகை போனால் போகட்டும்.

தப்பு அவர்கள் பக்கம் என்று தோன்றினால், கேரளத்தில் செய்ததற்குக் கேரளத்துக்குத்தான் அலைய வேண்டும் என்றில்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே மனுக் கொடுக்கலாம். நம்மவர்களுக்கு அது நாகர்கோவில். நீங்கள் கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும். கையில் இருக்க வேண்டியவை பில், சம்மதப் படிவ நகல், செய்வதற்கு முன்னும் பின்னும் எடுத்த போட்டோ, மெஷின் பெயரும் வைத்த அளவும் எழுதிய சிகிச்சைக் குறிப்பு. கடைசியாகச் சொன்னதை அவர்களாகத் தரமாட்டார்கள். எழுத்தில் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவர் கொடுத்தாக வேண்டும் என்பது விதி. வேறு டாக்டரிடம் காட்டப் போகும்போதும் அவர் முதலில் கேட்பது அந்தக் காகிதத்தைத்தான். அதனால் எல்லாம் நல்லபடி முடிந்தாலும் முதல் சிட்டிங் அன்றே ஒரு நகல் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.